துணைக்கு வந்தவன்

பெரியவன் தம்பிக்குச் சிறுநீரகம் கொடுத்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி, சின்னவன் தான் பனிமலை ஏறப்போவதாகச் சொன்னான். ஐயாயிரத்து இருநூறு மீட்டர். இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. வழிகாட்டி ஒருவர் கயிறு கட்டி அழைத்துப்போவார். பெயர் கொடுத்தாகிவிட்டது.

பெரியவனின் மனைவி மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே மடியில் போட்டுக்கொண்டாள். டாக்டர் என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டாள். சரி என்று சொல்லிவிட்டார் என்றான் சின்னவன். அது பொய் இல்லை. மாதம் தவறாமல் ரத்தப் பரிசோதனை, வேளை தவறாமல் மாத்திரை, தண்ணீர் குறையவே கூடாது, இத்தனைக்கும் ஒத்துக்கொண்டால் போய் வா என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தார்.

பெரியவன் வாயைத் திறக்கவில்லை. அவன் சுபாவமே அதுதான்; எதையும் மென்று முழுங்கிவிட்டு, மிச்சம் இருந்தால் பேசுவான். வயது ஐம்பத்தொன்று. நகரப் பேருந்து ஓட்டுகிறான். இருபத்தாறு வருஷ சர்வீஸில் பக்கக் கண்ணாடி ஒன்றைக்கூட உடைத்ததில்லை. சின்னவனுக்கு நாற்பத்து நாலு. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிற வேலை. கல்யாணம் நிச்சயமான வருஷத்தில்தான் அவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. பெண் வீட்டார் சத்தமில்லாமல் நழுவிக்கொண்டார்கள். அப்போதிலிருந்து அண்ணன் வீட்டில், மூன்றாவது மாடியில், சமையலறையை ஒட்டிய சின்ன அறை அவனுடையது.

ஏன் மலை என்று பெரியவன் கேட்டது இரண்டு நாள் கழித்துத்தான். சின்னவன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். டயாலிசிஸில் கிடந்த இரண்டு வருஷமும் ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் தண்ணீர். அதுவும் மாத்திரை முழுங்குகிற தண்ணீரையும் சேர்த்து. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும்போது போனில் பனிமலைப் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ்வளவும் தண்ணி. மலை மலையா, கெட்டியா நிக்குது. ஏறறவங்க அதையே உருக்கிக் குடிக்கறாங்க. ஒரு தடவை அதுமேல நடந்துட்டு வரணும், அவ்வளவுதான்."

பிறகு, நான்கு வருஷமாகச் செய்யாத ஒன்றைச் செய்தான். அண்ணனைக் கேலி செய்தான். "தானாடாட்டாலும் தன் சதை ஆடும்னு சொல்வாங்க இல்ல? உன் சதை மலையே ஏறப்போகுது. உனக்கென்ன, சும்மா உக்காந்து பாரு."

பெரியவன் சிரித்துவிட்டான். அறுவை சிகிச்சைக்குப் பிறகு இந்த வீட்டில் சின்னவன் குரலை உயர்த்தியதே கிடையாது. காபி ஆறிப்போனாலும் குடித்தான். டிவியில் அண்ணன் எதை வைத்தாலும் பார்த்தான். வாங்கிக்கொண்டவனுக்குக் கோபப்பட உரிமை இல்லை என்று தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு அதற்குள்ளேயே குடியிருந்தான். சின்ன வயதில் ஒரு நாளைக்கு நாலு தடவை கட்டிப் புரண்டு சண்டை போட்ட தம்பி அவன். அந்தத் தம்பியைத்தான் ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோமோ என்று பெரியவனுக்கு உள்ளுக்குள் ஒரு குறை இருந்தது.

பயிற்சிக்குச் சின்னவன் தேர்ந்தெடுத்த இடம் பேருந்து டிப்போவுக்கு எதிரே இருந்த கார் நிறுத்தும் கட்டிடம். பதினோரு மாடி, மாடிக்கு இருபத்திரண்டு படி. காலை ஐந்து மணிக்கு அங்கே ஈ காக்கை இருக்காது. முதுகுப் பையில் தண்ணீர் கேன்களை அடுக்கிக்கொண்டு ஏற வேண்டியது, மொட்டை மாடியில் தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் பையோடு இறங்க வேண்டியது. சுமையோடு இறங்கினால் முழங்கால் போய்விடும் என்று எங்கோ படித்திருந்தான். பனியில் போடுகிற கனமான பூட்ஸைப் போட்டுக்கொண்டே படி ஏறினான். பூட்ஸ் காலுக்குப் பழக வேண்டுமாம்.

"நீங்களும் கூடப் போங்க. நடுவுல விழுந்து கிடந்தா யாரு பாக்கறது?" என்றாள் மனைவி. பெரியவனுக்கு வேலை ஏழு மணிக்குத்தான். துணைக்குப் போனான்.

முதல் வாரம் நாலாவது மாடியிலேயே மூச்சு இரைத்துச் சுவரில் சாய்ந்துகொண்டான். சின்னவன் மேலிருந்து எட்டிப் பார்த்து, அடுத்த ஸ்டாப்பில் நிற்குமா இந்த வண்டி என்று கேட்டான். இரண்டாவது மாதம் முடிவதற்குள் கதை மாறிவிட்டது. பெரியவன் அவசரப்படுவதில்லை. ஏற்றத்தில் முதல் கியரில் வண்டியை விட்டதுபோல ஒரே வேகம், ஒரே மூச்சு. பதினைந்து கிலோ சுமையோடு ஐந்து முறை ஏறினாலும் நிதானம் கெடாது. சின்னவன் வேகமாகக் கிளம்பி ஆறாவது மாடியில் நின்று நின்று வருவான். நீ என்ன, படியோடு ஒப்பந்தமா போட்டிருக்கிறாய் என்று திட்டுவான். அண்ணனை "கிழட்டு எருமை" என்றான். அண்ணன் தம்பியை "ஓசி கிட்னி" என்றான். அந்தப் பேச்சை மனைவி கேட்டிருந்தால் துடித்துப்போயிருப்பாள். அவர்கள் இருவருக்கும் அது மருந்துபோல இறங்கியது. மொட்டை மாடியில் கேன்களைக் கவிழ்த்துவிட்டுச் சுவரில் உட்கார்ந்து, அடியில் பேருந்துகள் ஒவ்வொன்றாக விளக்கைப் போட்டுக்கொண்டு வெளியே வருவதைப் பார்ப்பார்கள். பெரியவன் அந்த நேரத்துக்காகவே எழுந்திருக்க ஆரம்பித்தான்.

மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் ஏழாவது மாடித் திருப்பத்தில் சின்னவன் முதுகைத் திருப்பிக்கொண்டு எதையோ வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். கையிலிருந்த அட்டை கீழே விழுந்தது. பெரியவன் குனிந்து எடுத்தான். வலி மாத்திரை. பத்தில் ஏழு காலி.

ஆஸ்பத்திரியிலிருந்து இருவரும் ஒரே நாளில் வெளியே வந்தபோது டாக்டரம்மா இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். இனி ரெண்டு பேர்கிட்டயும் இருக்கறது ஒண்ணு ஒண்ணுதான், வலி மாத்திரை மட்டும் வாயில படவே கூடாது, தலையே வெடிச்சாலும் என்னைக் கேக்காம எடுக்காதீங்க.

"முழங்கால் வலி தாங்கல அண்ணே. ரெண்டு வாரம்தான். பழகிட்டா நிறுத்திடுவேன்."

"தூக்கிப் போடு."

சின்னவன் எதிர்த்துப் பேசாமல் அட்டையைக் குப்பைத் தொட்டியில் போட்டான். பிறகு, அண்ணியிடம் சொல்ல வேண்டாம், சொன்னால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவாள் என்றான். பெரியவன் தலையாட்டினான்.

மறுவாரமே சின்னவனின் முதுகுப் பையில் பக்கவாட்டு அறையில் புது அட்டை ஒன்று எட்டிப் பார்த்தது. பெரியவன் பார்த்தான். பார்த்தானே தவிரக் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வான். பொய் என்று சொன்னால் சண்டை வரும். சண்டை வந்தால் வீட்டுக்குத் தெரியும். தெரிந்தால் விடிகாலைப் படிக்கட்டு அன்றோடு முடிந்தது. இத்தனையையும் அவன் அந்த ஒரு நொடியில் யோசித்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் வாயை மூடிக்கொண்டதற்கு வேறு காரணமும் இல்லை. கண்டும் காணாமல் இரண்டு மாதம் ஓட்டினான். அந்த மாதங்களில் சின்னவன் ரத்தப் பரிசோதனைக்குப் போகவே இல்லை. கேட்டபோது, கடையில் ஆள் இல்லை, அடுத்த வாரம் என்றான்.

ஐந்தாவது மாதம் வழிகாட்டி பயிற்சிக்குக் கூப்பிட்டார். மூன்று நாள், சின்னப் பனிமலை ஒன்றில். ஏறப்போகிறவர் துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம். இருவரும் போனார்கள்.

வழிகாட்டி குள்ளமான மனிதர். மூக்கு நுனியில் தோல் உரிந்து உரிந்து சிவந்து கிடந்தது. சின்னவன் பார்த்த மாத்திரத்தில் அவருக்கு "தோலுரிஞ்சான்" என்று பெயர் வைத்துவிட்டான். வந்தவர்களிடம் அவர் முதலில் கேட்டது ஒரே கேள்வி. உச்சி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நின்றுகொண்டு, திரும்பலாம் என்று நான் சொன்னால் திரும்புவீர்களா? எல்லோரும் திரும்புவோம் என்றார்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார் அவர்.

பூட்ஸின் அடியில் இரும்புப் பற்களை மாட்டிக்கொண்டு நடக்கப் பழக்கினார். கால் அகட்டி வைக்காவிட்டால் ஒரு காலின் பல் மறுகாலின் துணியில் மாட்டும், மாட்டினால் குப்புற விழ வேண்டியதுதான். பனிச்சரிவில் வேண்டுமென்றே சறுக்கிவிட்டு, கையிலிருக்கும் பனிக்கோடாலியின் கூர்மூக்கைப் பனியில் குத்தி உடம்பு முழுவதையும் அதன்மேல் போட்டு நிறுத்தச் சொன்னார். ஒருவர் விழுந்தால் கயிற்றில் இருக்கும் மற்றவரும் போகாமல் நிற்பது அந்த ஒரு விநாடியில்தான் இருக்கிறது. சின்னவன் எட்டு முறை சறுக்கி மூன்று முறைதான் நின்றான். பெரியவன் ஏழு முறை நின்றான். பிரேக் பிடிப்பது அவனுக்குப் பிழைப்பு.

இரண்டாம் நாள் மேட்டின்மீது நின்றபோது காற்று நின்றிருந்தது. கீழே வெள்ளை, அதற்கும் கீழே மேகம். பெரியவனுக்கு என்னவோ செய்தது. இருபத்தாறு வருஷமாக ஒரே வழித்தடத்தில், முன்னால் இருக்கும் வண்டியின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டியவன். முன்னால் ஒன்றுமே இல்லாத ஓர் இடம் இருக்கும் என்று அவன் நினைத்துப் பார்த்ததில்லை. பக்கத்தில் சின்னவன் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

உயரம் ஒத்துக்கொள்ளவில்லை, இறங்கினால் சரியாகிவிடும் என்றார் வழிகாட்டி. இறங்கினார்கள். தங்கும் குடிலில் சின்னவன் பூட்ஸையும் சாக்ஸையும் கழற்றினான். சாக்ஸின் மேல்விளிம்பு இருந்த இடத்தில் கணுக்காலைச் சுற்றி ஒரு விரற்கடை ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. அந்த வீக்கத்தைப் பெரியவன் ஆறு வருஷத்துக்கு முன்னால் பார்த்திருக்கிறான். தம்பியின் உடம்பில் தண்ணீர் தேங்க ஆரம்பித்தபோது முதலில் தெரிந்தது அங்கேதான். சின்னவன் அண்ணன் பார்ப்பதைப் பார்த்தான். சாக்ஸை மறுபடி மாட்டிக்கொண்டான்.

கிளம்புகிறபோது வழிகாட்டி பெரியவனைத் தனியாகக் கூப்பிட்டு, நீங்கள் ஏன் பெயர் கொடுக்கவில்லை என்று கேட்டார். நான் துணைக்கு வந்தவன் என்றான் பெரியவன்.

ஊர் திரும்பியதும் பரிசோதனைக்குப் போ என்று அவன் மூன்று முறை சொன்னான். மூன்றாவது முறை சின்னவன் போய்விட்டு வந்துவிட்டதாகச் சொல்லி ஒரு தாளை மேஜைமேல் வைத்தான். வழிகாட்டிக்கு அனுப்ப வேண்டிய உடல்தகுதிப் படிவத்தோடு இணைக்கும் தாள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் எண் ஒன்று புள்ளி மூன்று. மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். பெரியவனும் நிம்மதியாகத்தான் படுத்தான்.

மறுநாள் டிப்போவில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறபோது முந்தின வாரத்தின் மூன்று லீவு நாட்கள் கண்ணில் பட்டன. அந்தத் தாளில் இருந்த தேதி அதில் நடு நாள். அன்றைக்குச் சின்னவன் எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை. பனிமேட்டில், தன் பக்கத்தில், குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். பழைய தாளில் தேதியை மட்டும் மாற்றியிருக்கிறான். பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத பயல் என்று பெரியவனுக்கு முதலில் தோன்றியது. அப்புறம்தான் குடிலில் பார்த்த அந்தக் கணுக்கால் ஞாபகம் வந்தது.

ஓட்டுநர்கள் ஓய்வெடுக்கும் அறையில் நாலு பேர் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். பெரியவன் ஜன்னல் பக்கம் போய் வழிகாட்டிக்குப் போன் போட்டுச் சொன்னான். தாள் பொய், தம்பிக்கு உடம்பு சரியில்லை, ஏற்றிவிடாதீர்கள். பெயரை எடுத்துவிடுகிறேன் என்றார் வழிகாட்டி. சொன்னதற்கு நன்றி, மேலே போய்த் தெரிந்திருந்தால் ஒரே கயிற்றில் மூன்று உயிர் போயிருக்கும் என்றார். போனை வைக்கப்போனவன் அவர் அடுத்துச் சொன்னதையும் கேட்டான்.

"அந்த இடம் காலியாத்தான் போகும். நான் பாத்த வரைக்கும் நீங்க ஏறிடுவீங்க. வரீங்களா?"

வேண்டாம் என்று அவன் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். அவன் சொன்னது, யோசிச்சுச் சொல்றேன்.

சாயங்காலம் சின்னவன் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், வழிகாட்டி அவனுக்கும் போன் செய்திருந்தார். முகம் கறுத்து நின்றான். நீ சொன்னாயா என்றான். நான்தான் என்றான் பெரியவன். என் இடத்தில் வருகிறாயா என்று அவர் உன்னைக் கேட்டாராமே, நீ யோசித்துச் சொல்வதாகச் சொன்னாயாமே என்றான். மனைவிக்கு அப்போதுதான் அது தெரிந்தது. அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"எடுத்துக்கண்ணே. கிட்னியைக் குடுத்தே, இப்ப மலையை எடுத்துக்கறே. கணக்கு சரியாப் போச்சு."

நான்கு வருஷமாகப் பூட்டி வைத்திருந்த கோபம் இந்த ஒரு வாக்கியமாக வந்து விழுந்தது. அதைச் சொல்லிவிட்டுச் சின்னவன் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தான். எழுந்திருக்க முடியவில்லை. அப்படியே வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

கிரியேட்டினின் ஐந்து புள்ளி எட்டு. டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, என்ன மாத்திரை எடுத்தாய் என்று கேட்டார். வேறு எதையும் கேட்கவில்லை. சின்னவன் சொன்னான். எத்தனை நாளாக என்றார். அதையும் சொன்னான். அவர் பெரியவன் பக்கம் திரும்பினார்.

"இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது டாக்டர்."

கட்டிலில் கிடந்த சின்னவன் தலையைத் திருப்பி அண்ணனைப் பார்த்தான். காட்டிக்கொடுக்கவில்லை. மறுபடி கூரையைப் பார்த்துக்கொண்டான். அந்தப் பார்வைக்குப் பதிலாக அவன் ஓர் அறை விட்டிருக்கலாம் என்று பெரியவன் பல நாள் நினைத்தான்.

மூன்று வாரம் ஊசியும் மருந்துமாகப் போராடிப் பார்த்தார்கள். எண் இறங்கவில்லை. கழுத்தில் குழாய் வைத்து வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். மறுபடியும் ஒரு நாளைக்கு அரை லிட்டர். வீட்டில் தண்ணீர்க் குடத்தை மனைவி சின்னவன் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றி வைத்தாள். பெரியவன் மதிய ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டு காலையில் தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். போகிற வழியில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. முன்பிருந்த அடக்கம் போய்விட்டிருந்தது. சின்னவன் காபி ஆறினால் ஆறிவிட்டது என்றான், டிவியை அணைக்கச் சொன்னான். பெரியவன் கேட்டு ஏங்கிய அந்தப் பழைய தம்பி திரும்பி வந்துவிட்டான். வந்த வழிதான் இப்படி.

மனைவியிடம் பெரியவன் ஒரு காலை உண்மையைச் சொன்னான். ஏழாவது மாடியில் பார்த்தது, மறுவாரம் பார்த்தது, இரண்டு மாதம் சும்மா இருந்தது, டாக்டரிடம் தெரியாது என்றது. அறுவை சிகிச்சையின்போது அண்ணன் தம்பி இருவர் அறைக்கும் நடுவே இருந்த வராந்தாவில் பதினோரு நாள் பாய் போட்டுக் கிடந்தவள் அவள். கேட்டு முடித்ததும் எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றாள்.

நான்கு நாள் அவனோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசியபோதும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மலைக்கு ஐந்து வாரம் இருந்தது. வழிகாட்டி மறுபடி போன் செய்தார். பெரியவன் இம்முறை தெளிவாக வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான். டயாலிசிஸ் நாற்காலியில் கிடந்த தம்பியிடம் அதைச் சொன்னபோது, அவன் மனம் கொஞ்சம் ஆறும் என்று எதிர்பார்த்தான். சின்னவன் கண்ணைத் திறக்காமலேயே கேட்டான்.

"ஏன் வேண்டாம்னே?"

"நீ இப்படிக் கிடக்கறப்ப நான் எப்படிடா..."

"நான் இப்படித்தான் கிடப்பேன். நீ அங்க போனாலும் இப்படித்தான், இங்க உக்காந்து மூஞ்சியைத் தொங்கப் போட்டாலும் இப்படித்தான்." மூச்சு வாங்கிக்கொண்டான். "உனக்குப் போகணும்னு ஆசை இல்லேன்னு சொல்லு. என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு."

பெரியவனால் சொல்ல முடியவில்லை. படிக்கட்டில் வாயை மூடிக்கொண்டிருந்ததும் அந்த ஆசைதான், போனில் வேண்டாம் என்று சொல்லாததும் அந்த ஆசைதான். தம்பியைக் காப்பாற்றத்தான் போன் செய்தோமா, எதற்குச் செய்தோம் என்று அவன் தன்னையே கேட்டுக் கேட்டுச் சலித்திருந்தான். காப்பாற்றத்தான் என்று பத்தில் ஒன்பது தடவை பதில் வந்தது. பத்தாவது தடவைதான் தூங்க விடவில்லை. அதை அப்படியே தம்பியிடம் சொன்னான். சின்னவன் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தான்.

"மன்னிச்சுட்டேன்னு சொல்ல மாட்டேன். அது வரல. ஆனா நீ போ. வீட்ல ஒருத்தனாவது அதுமேல நடக்கட்டும்."

பெரியவன் வழிகாட்டிக்குப் போன் செய்து, இடம் இன்னும் இருந்தால் வருகிறேன் என்றான். போக வேண்டுமானால் அவனுக்கும் உடல்தகுதிக் கையெழுத்து வேண்டும். ஒற்றைச் சிறுநீரகக்காரனுக்கு வேறு யாரும் போடமாட்டார்கள்; அதே டாக்டரம்மாதான். ரத்தம் கொடுத்துவிட்டு, மறுநாள் அவர் எதிரே போய் உட்கார்ந்தான். அவர் தாளைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டான்.

"அன்னிக்கு நீங்க கேட்டப்ப தெரியாதுன்னு சொன்னேன் டாக்டர். எனக்குத் தெரியும். ரெண்டு மாசமாத் தெரியும்."

அவர் பேனாவை மூடி வைத்தார். வெளியே யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அன்னிக்கு நீங்க உண்மையைச் சொல்லியிருந்தாலும் ரிப்போர்ட் மாறியிருக்காது," என்றார். "ரெண்டு மாசம் முன்னால சொல்லியிருந்தா மாறியிருக்கும்."

அவர் அதைத் திட்டுகிற குரலில் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, தாளை அவன் பக்கம் தள்ளினார். உங்ககிட்ட இருக்கறது நல்லா இருக்கு, தண்ணி நிறைய குடிங்க என்றார்.

அதற்குப் பிறகு மிச்சமிருந்த நாட்களைச் சின்னவன் தன் கையில் எடுத்துக்கொண்டான். மெஷின் இல்லாத நாட்களில் பாயைப் போட்டு அதன்மேல் சாமான்களைப் பரப்பச் சொல்வான். கையுறை எத்தனை ஜோடி, மூன்றாவது எங்கே. இடுப்புப் பட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டு. கையுறையோடு முடிச்சுப் போடு. தப்பாகப் போட்டால் பட்டென்று கையைத் தட்டிவிட்டு அவிழ்த்து மறுபடி போடச் சொல்வான். மேலே போய் அவன் போடுகிற முடிச்சில் வழிகாட்டியின் உயிரும் தொங்குகிறது என்பான். பரிவாக ஒரு வார்த்தை வராது. ஒரு நாள் பெரியவனுக்குக் கோபம் வந்து கயிற்றை வீசிவிட்டான். சின்னவன் தவழ்ந்து போய் அதை எடுத்து, சுருட்டி, மறுபடி அவன் மடியில் வைத்தான். நின்று நடக்கத் தெம்பில்லாததால்தான் தவழ்ந்தான். பெரியவன் அதற்கப்புறம் கயிற்றை வீசவில்லை.

புறப்படுகிற நாளும் டயாலிசிஸ் நாளாக அமைந்தது. மனைவிதான் தம்பியைக் கூட்டிப்போனாள். பெரியவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான். சின்னவன் ஆட்டோவில் ஏறிக்கொண்டு, நெற்றி விளக்கின் பேட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள், குளிரில் செத்துவிடும் என்றான். வண்டி நகர்ந்த பிறகு மனைவி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

மலையில் நான்கு நாள் ஏறி இறங்கி உடம்பைப் பழக்கினார்கள். ஐந்தாம் நாள் உச்சிக்குக் கிளம்பினார்கள். நாலாயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டரில் சூரியன் வந்தது, கூடவே காற்றும் வந்தது. உச்சி கைக்கெட்டும் தூரத்தில், துடைத்து வைத்ததுபோல நின்றது. வழிகாட்டி கயிற்றை இரண்டு முறை இழுத்து, கையைக் கீழ்நோக்கிக் காட்டினார். பெரியவன் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினான். இறங்கும்போது இரண்டு விரல் நுனிகள் மரத்துப்போய், பிறகு கறுத்து, தோல் உரிந்தன. வேலைக்குப் போவதற்கு அது தடையாக இல்லை.

திரும்பி வந்த மறுநாள் காலை தம்பியின் நாற்காலிப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"முதல்ல இருந்து சொல்லு," என்றான் சின்னவன். "ஒண்ணையும் விடாம."

பெரியவன் சொன்னான். குடிலின் வாசனையிலிருந்து ஆரம்பித்து, பனிப் பிளவுகளின்மேல் போட்டிருந்த இரும்பு ஏணிகள்வரை வந்தான். குடித்த தண்ணீரை மட்டும் சொல்லாமல் தாண்டினான். சின்னவன் நிறுத்தி, அது எப்படி இருந்தது என்று கேட்டான். பல் கூசியது, ஒரு ருசியும் இல்லை என்றான் பெரியவன். சின்னவன் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டான். உதடு வெடித்து வெள்ளை பூத்திருந்தது. நாக்கால் அதைத் தடவிக்கொண்டான்.

நடுவில் மெஷின் கத்தியது. நர்ஸ் வந்து குழாயை நீவிவிட்டு, எண்களைக் குறித்துக்கொண்டு போனாள். இன்னும் இரண்டரை மணி நேரம் பாக்கி இருந்தது. சின்னவன் கண் மூடியிருந்தது. தூங்கிவிட்டான் என்று நினைத்துப் பெரியவன் பேச்சை நிறுத்தினான்.

"ரெண்டாவது ஏணியில நிக்கறே," என்றான் சின்னவன், கண்ணைத் திறக்காமல். "அப்புறம்?"

பெரியவன் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, ஏணியின் மூன்றாவது கம்பி சற்றே வளைந்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தான்.